இளவரசன் வரட்டும்; அவள் என்ன செய்தாள்?

தேவதைக் கதைகள் பெண்குழந்தைகளுக்கு என்ன சொல்லித் தருகின்றன என்று கேட்டு வாசகர்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

ஒரு தாய், மதுரை: என் ஐந்து வயது மகள் சிண்ட்ரெல்லா கவுனைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். ‘என் இளவரசன் எப்பம்மா வருவான்?’ என்று வேறு கேட்கிறாள். அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடட்டுமா?

வேண்டாம். கவுன் அவளை ஒன்றும் செய்யாது. காத்திருக்கும் பழக்கம்தான் செய்யும். கதை முடிந்ததும், ‘இதில் அவள் என்ன செய்தாள்?’ என்று கேளுங்கள். பாத்திரம் தேய்த்தாள், அழுதாள், ஆடினாள், பன்னிரண்டு மணிக்கு ஓடினாள் என்று குழந்தை அடுக்குவாள். ‘அவளாக எடுத்த முடிவு எது?’ என்று அடுத்ததாகக் கேளுங்கள். அதற்குப் பதில் தேட ஆரம்பித்தாள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இளவரசன் எப்போது வருவான் என்ற கேள்விக்கும் நேரான பதில் உண்டு: ‘அதை நீ பெரியவளானதும் நீயே முடிவு செய்வாய்.’

பள்ளி ஆசிரியை, கும்பகோணம்: பொறுமை, மன்னிக்கும் குணம், கடின உழைப்பு. இவ்வளவும் இருக்கிற சிண்ட்ரெல்லாவில் என்ன தப்பு கண்டீர்கள்?

அந்தக் குணங்களில் தப்பில்லை. அவற்றுக்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள். நாம் அறிந்த கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-ல் அச்சேற்றிய கதையில் வருபவை. அதில் அவள் எவ்வளவு உழைத்தும் ஒன்றும் மாறவில்லை. ஞானத்தாயான தேவதை வந்த பிறகே எல்லாம் மாறுகிறது. கதைக்குப் பின்னால் பெரோ எழுதிய நீதியும் அதைத்தான் சொல்கிறது: அறிவும் துணிவும் இருந்தாலும், கைதூக்கிவிட ஓர் ஆள் இல்லாவிட்டால் அவற்றால் பயனில்லையாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கதையில் அவளுடைய அப்பா சாகவில்லை. அதே வீட்டில்தான் இருக்கிறார். மனைவி சொன்னபடி ஆடுகிறவர் என்பதால் மகள் அவரிடம் முறையிடவே பயப்படுகிறாள். முந்நூறு வருடமாகச் சித்தியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பெற்ற மகள் அடுப்புச் சாம்பலில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனை யார் கேட்டோம்? உங்கள் வகுப்பில் கேளுங்கள்.

ஏழாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்: ஒரு ஊரில் ஒருத்திக்குத்தானா அந்தச் செருப்பு பொருந்தும்? இளவரசனுக்கு முகம் ஞாபகம் இருக்காதா?

நல்ல கேள்வி, கண்ணு. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் இது இன்னும் மோசம். இளவரசன் இரண்டு முறை தப்பான பெண்ணைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். புறாக்கள் சொன்ன பிறகுதான் திரும்பி வருகிறான். செருப்பு பொருந்துவதற்காக மூத்தவள் கால் கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள், இளையவள் குதிகாலை வெட்டிக்கொள்கிறாள். கத்தியை எடுத்துக் கொடுப்பது அவர்களைப் பெற்ற அம்மா. ராணியாகிவிட்டால் நடக்க வேண்டிய தேவையே இருக்காது என்பது அவள் சொல்லும் சமாதானம்.

தேவதைக் கதைகளிலேயே எனக்கு அதிகப் பயம் தருவது சூனியக்காரியும் ஓநாயும் அல்ல, இந்த அம்மாதான். ‘நல்ல இடத்துச் சம்பந்தம், படிப்பு எதற்கு, வேலை எதற்கு’ என்று சொல்கிறவர்கள் கையில் இருப்பதும் அந்தக் கத்திதான். உனக்குப் பொருந்தாத செருப்பை நீ கழற்றிப் போட்டுவிடலாம். காலை மட்டும் யாருக்காகவும் வெட்டிக்கொள்ளாதே.

கல்லூரி மாணவி, கோவை: இதையெல்லாம் ஆண்களே எழுதியதால்தான் இப்படியா?

எழுதியவர்களில் பெண்களும் உண்டு. மறக்கப்பட்டவர்களும் அவர்கள்தான். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பிரபுக்குலப் பெண்கள் தங்கள் வரவேற்பறைகளில் கூடி, கதை சொல்லி, அவற்றை அச்சிட்டும் வந்தார்கள். ‘தேவதைக் கதைகள்’ என்ற பெயரையே இந்த வகைக்குத் தன் நூலின் மூலம் வழங்கியவர் மதாம் தோல்னுவா என்ற பெண். சிறு வயதிலேயே, தன்னைவிடப் பல ஆண்டு மூத்த ஒரு பிரபுவுக்கு மணமுடித்து வைக்கப்பட்டவர் அவர்.

பெரோவின் சிண்ட்ரெல்லா வெளிவந்த அதே காலத்தில் தோல்னுவாவும் ஒரு சிண்ட்ரெல்லா எழுதினார். பெயர் ‘ஃபினெட் சென்ட்ரோன்’. பெற்றோர் காட்டில் விட்டுவந்த பெண் அவள். வழியில் நூலை விட்டுக்கொண்டே போய் அதைப் பிடித்து வீடு திரும்புகிறாள். மனிதரைத் தின்னும் அரக்கனை அடுப்புக்குள் தள்ளுகிறாள். செருப்பு தொலைந்ததும் அதை யாராவது கொண்டுவரட்டும் என்று உட்காரவில்லை, குதிரை ஏறி அரண்மனைக்குத் தானே போகிறாள். இளவரசன் திருமணம் பேசும்போது ஒரு நிபந்தனை போடுகிறாள்: என் பெற்றோர் இழந்த நாட்டைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு பேசலாம்.

இரண்டு சிண்ட்ரெல்லாக்களில் நம் குழந்தைகளின் படுக்கை வரை வந்தவள் ஒருத்திதான். எந்தக் கதை உயிர்வாழ வேண்டும் என்பதை யாரோ தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தத் தேர்வை இனி நாமும் செய்யலாம்.

வாசகர், சேலம்: தூங்கும் பெண்ணை முத்தமிட்டு எழுப்புவது காதலா, குற்றமா?

கேட்காமல் தொட்டால் குற்றம். குழந்தைக்கும் அப்படியே சொல்லுங்கள்.

இந்தக் கதையின் பழைய வடிவம் இன்னும் கொடியது. நேப்பிள்ஸில் ஜாம்பத்திஸ்தா பசீலே எழுதி, அவர் இறந்த பிறகு 1630-களில் வெளிவந்த தொகுப்பில், ஏற்கெனவே மணமான ஒரு ராஜா தூங்குகிறவளிடம் அத்துமீறிவிட்டுப் போய்விடுகிறான். அவள் தூக்கத்திலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். ஒரு குழந்தை அவள் விரலைச் சப்பும்போது, குத்தியிருந்த சணல் நார் வெளியே வந்து, அப்போதுதான் விழிக்கிறாள். பெரோவின் கதையில் முத்தமே கிடையாது. நூறு வருடம் முடிகிறது, கண் விழிக்கிறாள். முத்தம் கிரிம் சகோதரர்களின் கதையில் வருகிறது.

எனக்கு முத்தத்தைவிட முக்கியமாகப் படுவது கதையின் தொடக்கம். நூல் நூற்கும் கதிர் குத்தி இளவரசிக்கு ஆபத்து என்று தெரிந்ததும் ராஜா நாட்டில் ஒரு கதிர் இல்லாமல் ஒழிக்கச் சொல்கிறார். மகளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்வதில்லை. வாழ்நாளில் கதிரையே பார்க்காத பெண், முதன்முதலாகப் பார்த்ததும் ஆசையாகக் கை நீட்டுகிறாள், குத்திவிடுகிறது. பெண்ணை மூடி மூடி வளர்ப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. ஆபத்தை அவளிடமிருந்து மறைக்காதீர்கள். அதன் பெயரைச் சொல்லி, எப்படிச் சமாளிப்பது என்று பழக்குங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, திருவண்ணாமலை: ராபன்ஸல் தன் முடியை வெட்டிக் கயிறாகக் கட்டி இறங்கியிருக்கலாமே?

இறங்கியிருக்கலாம். உன்னைப் போல் ஒரு தோழி அவளுக்கு இல்லாமல் போய்விட்டாள். ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் பட்டு நூல் கொண்டுவா, நான் ஏணி பின்னுகிறேன் என்று இளவரசனிடம் சொன்னவள் அவள்தான். தப்பிக்கும் திட்டம் அவளுடையது. பிறகு சூனியக்காரி அவளை வனாந்தரத்தில் விட்டபோது, இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுத் தனியாக வளர்த்தாள். கண் பார்வை இழந்து அலைந்த இளவரசனுக்கு அவள் கண்ணீர்தான் பார்வையைத் தந்தது. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று கணக்குப் பார்த்துச் சொல்.

இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர், ஈரோடு: எந்தக் கதையிலும் சித்தி என்றால் கொடுமைக்காரிதான். என் கணவரின் மகளுக்கு நான் என்ன கதை சொல்ல?

உங்கள் வருத்தம் நியாயமானது. கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் சித்தி அல்ல, பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக்கினார்கள். ஹான்ஸல், கிரெட்டல் கதையிலும் இதேதான் நடந்தது. தாய்மையின் புனிதம் கெட்டுவிடக் கூடாது என்று பழியை இரண்டாவதாக வந்தவள் தலையில் கட்டினார்கள். பிரசவத்தில் தாய்மார் சாவது சகஜமாக இருந்த காலம் என்பதால் வீடுதோறும் மாற்றாந்தாய்கள் இருந்தார்கள். கதையும் எளிதில் ஒட்டிக்கொண்டது.

‘யார் அழகி?’ என்ற ஒரே கேள்விக்காக ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் மோதிக்கொள்வதே ஸ்னோ ஒயிட் கதையின் பெரிய தீங்கு. உங்கள் மகளுக்கு நீங்கள் கேட் என்பவளின் கதையைச் சொல்லலாம். ‘கேட் கிராக்கர்நட்ஸ்’ என்ற ஸ்காட்லாந்துக் கதை. அதில் ராணி தன் கணவரின் மகளுடைய அழகைக் கெடுத்து ஆட்டுத் தலையாக்கிவிடுகிறாள். ராணியின் சொந்த மகள் கேட், அம்மாவின் பக்கம் நிற்காமல் சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். அவளைக் குணப்படுத்துகிறாள், நோயில் கிடந்த ஓர் இளவரசனையும் காப்பாற்றுகிறாள். ரத்த உறவு இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கதை அது. உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

வாசகி, தஞ்சாவூர்: சிவப்புக் குல்லாச் சிறுமி கதை, ‘சொன்ன பேச்சைக் கேள், வழி மாறாதே’ என்று பெண்ணை அடக்கத்தானே?

பெரோ சொன்னபடி சொன்னால், ஆமாம். அவர் கதையில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, சிறுமியையும் தின்கிறது, கதை முடிந்தது. கிரிம் கதையில் வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்து இருவரையும் மீட்கிறார். பலரும் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

கிரிம் தொகுப்பில் அதற்குப் பிறகும் ஒரு பகுதி இருக்கிறது. இன்னொரு நாள் இன்னொரு ஓநாய் வருகிறது. இந்தத் தடவை சிறுமி எங்கும் நிற்காமல் பாட்டியிடம் ஓடி விஷயத்தைச் சொல்கிறாள். இருவரும் கதவைத் தாழிடுகிறார்கள். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. தொத்திறைச்சி வேகவைத்த தண்ணீரைச் சிறுமி வாளி வாளியாகச் சுமந்து, வாசலில் இருந்த கல்தொட்டியில் நிரப்புகிறாள். வாசனைக்கு எட்டிப் பார்த்த ஓநாய் சறுக்கி விழுந்து மூழ்கிச் சாகிறது. வேட்டைக்காரர் தேவைப்படவே இல்லை.

பிரான்ஸின் கிராமப்புறத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வாய்மொழியாகப் பதிவான வடிவமும் உண்டு. வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள் சிறுமி. ஓநாய் அவள் காலில் கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. அதை அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

வழி மாறிப் பூப்பறித்தது குற்றமில்லை. தின்றதுதான் குற்றம். கதையை எப்படிச் சொன்னாலும் இந்தத் தீர்ப்பை மாற்றாமல் சொல்லுங்கள்.

வாசகர், காரைக்குடி: உங்களுக்குப் பிடித்த இளவரசி யார்?

தவளையைத் தூக்கிச் சுவரில் அடித்தவள். கிரிம் தொகுப்பின் முதல் கதையே அவளுடையது. கிணற்றில் விழுந்த பந்தை எடுத்துக் கொடுத்த தவளை, உன் தட்டில் சாப்பிடுவேன் என்கிறது, உன் படுக்கையில் படுப்பேன் என்கிறது. வாக்கு கொடுத்துவிட்டாய், நடந்துகொள் என்று அப்பா வற்புறுத்துகிறார். படுக்கை வரை போனதும் அவள் முடியாது என்று தூக்கி எறிகிறாள். அந்த நொடியில்தான் சாபம் நீங்கித் தவளை மனிதனாகிறது. முத்தம் கொடுத்ததாகச் சொல்வது பின்னால் வந்த ஒட்டுவேலை. மூலக் கதையில் மந்திரத்தை உடைத்தது அவள் மறுப்பு.

பெயர் வேண்டாம், சென்னை: எனக்கு நிச்சயமாகியிருக்கிறது. அவருக்குக் கோபம் அதிகம். ‘அழகியும் அரக்கனும்’ கதையில் வருவது போல் அன்பால் மாற்றிவிடலாம் என்கிறாள் அக்கா. முடியுமா?

அக்கா கதையை முழுசாகப் படிக்கவில்லை, அம்மா. 1740-ல் மதாம் வில்நவ் நீளமாக எழுதிய கதை அது. 1756-ல் லெப்ரின்ஸ் த பொமோன் என்ற ஆசிரியை, தன்னிடம் படித்த சிறுமிகளைப் போன்றவர்களுக்காக அதைச் சுருக்கினார். வீட்டார் பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டப் போகும் பெண்களின் பயத்தைத் தணிக்கும் கதை என்று அதைப் படிப்பவர்கள் உண்டு.

ஆனால் பொமோனின் கதையில் அந்த அரக்கன் எப்படி நடந்துகொள்கிறான்? அவளுக்கென்று நூலகம் வைக்கிறான். இந்த வீட்டில் உன் சொல்தான் செல்லும் என்கிறான். என்னை மணந்துகொள்வாயா என்று இரவுதோறும் கேட்கிறான், முடியாது என்று அவள் சொன்னதும் எழுந்து போய்விடுகிறான். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றபோது தன் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் அனுப்பி வைக்கிறான். ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை.

உங்களுக்குப் பார்த்திருப்பவர் நீங்கள் ‘முடியாது’ என்று சொன்னால் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். அதைத் தாங்க மாட்டாதவர் என்றால், அவர் அந்த அரக்கன் அளவுக்குக்கூடத் தேறவில்லை. நிச்சயம் செய்ததை நிறுத்துவதில் அவமானம் ஒன்றுமில்லை. பயமாக இருந்தால் 181-ஐ அழையுங்கள், பெண்களுக்கான உதவி எண். வீட்டில் உங்கள் பக்கம் நிற்கும் ஒருவரிடம் இன்றே பேசுங்கள்.

வாசகி, புதுச்சேரி: நீலத்தாடி கதையை என் பாட்டி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தாராம். ‘பெண்ணுக்கு ஆர்வம் கூடாது’ என்பதுதான் நீதியாமே?

பெரோ அப்படித்தான் நீதி எழுதினார். எல்லா அறைச் சாவியும் கொடுத்து, ஒரு சின்ன அறையை மட்டும் திறக்காதே என்கிறான் கணவன். திறந்தால், உள்ளே அவன் கொன்ற முந்தைய மனைவிகள். அவள் ஆர்வம்தான் அவள் உயிரைக் காத்தது. திறக்காமல் இருந்திருந்தால் கொலைகாரனோடு ஏதும் தெரியாமல் குடும்பம் நடத்தியிருப்பாள். இவ்வளவு நடந்தும் பழி அவள்மீது விழுந்தது. கடைசியில் காப்பாற்றவும் அண்ணன்மார் வர வேண்டியிருந்தது.

கிரிம் தொகுப்பில் இதற்கு மாற்றாக ‘ஃபிச்சரின் பறவை’ என்ற கதை இருக்கிறது. மந்திரவாதி ஒருவன் மூன்று சகோதரிகளை ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிப்போகிறான். சாவியோடு ஒரு முட்டையும் கொடுத்து, எப்போதும் கையில் வைத்திரு என்கிறான். மூத்தவர்கள் இருவரும் அறையைத் திறந்து, முட்டையை ரத்தத்தில் தவறவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாமவள் முட்டையை முதலில் பத்திரமாக எடுத்து வைக்கிறாள், பிறகு அறையைத் திறக்கிறாள். வெட்டுண்டு கிடந்த அக்காக்களின் உறுப்புகளைச் சேர்த்து வைத்து உயிர்ப்பிக்கிறாள். அவர்களைக் கூடையில் வைத்து, மேலே தங்கத்தைப் பரப்பி, அந்த மந்திரவாதியின் முதுகிலேயே ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறாள். தான் தேனில் முங்கி, மெத்தை இறகுகளில் புரண்டு, பறவை வேடத்தில் வாசல் வழியாக வெளியேறுகிறாள்.

இங்கே ஆர்வம் தண்டிக்கப்படவில்லை. முன்யோசனையோடு சேர்ந்த ஆர்வம் மூன்று உயிர்களை மீட்கிறது. பிரிட்டன் எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979-ல் நீலத்தாடியைத் திருப்பி எழுதியபோது, மகளைக் காப்பாற்றத் துப்பாக்கியோடு குதிரையில் வருபவள் அம்மா. மதுரைத் தாயும் ஈரோட்டுச் சகோதரியும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐ.டி. ஊழியர், பெங்களூரு: டிஸ்னி இப்போது திருந்திவிட்டதே? முலான், பிரேவ், ஃப்ரோசன் எல்லாம் பார்க்கவில்லையா?

பார்த்தேன், மகிழ்ந்தேன். மாற்றம் உண்மை. ‘அழகியும் அரக்கனும்’ படத்துக்கு 1991-ல் திரைக்கதை எழுதிய லிண்டா வுல்வர்டன், டிஸ்னியில் முழுநீள அனிமேஷன் படம் எழுதிய முதல் பெண். புத்தகம் படிக்கும் கதாநாயகி அப்படித்தான் வந்தாள்.

ஆனால் யார் பேசுகிறார்கள் என்று கணக்கெடுங்கள். கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியலாளர்கள் 2016-ல் கணக்கெடுத்தார்கள். 1989-ன் ‘லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் வசனத்தின் 68 சதவீதம் ஆண்களுடையது. நாட்டையே காப்பாற்றும் முலானின் படத்தில் ஆண்களின் பங்கு 77 சதவீதம். சகோதரிகள் இருவரின் கதையான ஃப்ரோசனிலும் பெண்களின் பேச்சு 41 சதவீதம்தான். ‘பிரேவ்’ படத்தில் பெண்கள் 74 சதவீதம் பேசுகிறார்கள். நாயகி கையில் வாள் கொடுத்தால் மட்டும் போதாது. கடைக்காரர், காவலர், கூட வரும் தோழர் என்று சுற்றியிருக்கும் அத்தனை பேரும் ஆண்களாக இருந்தால், அந்த உலகம் இன்னும் அவளுடையது ஆகவில்லை.

வாசகி, யாழ்ப்பாணம்: கடல்கன்னி கதை மகளை அழ வைத்துவிட்டது. அது காதல் கதையா?

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-ல் வெளியிட்ட கதையில் அவள் இரண்டு கால்களுக்காகத் தன் நாக்கையே கொடுக்கிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போல் வலிக்கும் என்று தெரிந்தும் சம்மதிக்கிறாள். இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். தன்னைக் காப்பாற்றியது யார் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது, சொல்ல அவளிடம் குரல் இல்லை. அவளுடைய ஏக்கம் அவனுக்காக மட்டும் அல்ல, அழியாத ஓர் ஆன்மாவுக்காகவும்தான் என்பது அதில் ஆழமான இடம்.

மகளை அழ விடுங்கள். அழுது முடித்ததும் ஒன்றை மட்டும் மனதில் பதிய வையுங்கள்: குரலை விலையாகக் கேட்கும் எந்த இடத்துக்கும் போகத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற அலுவலர், திருச்சி: எங்கள் வீட்டுப் பெண்களும் இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். யாரும் கெட்டுப்போகவில்லையே! கதைக்கு இவ்வளவு சக்தியா?

நியாயமான கேள்வி, ஐயா. அமெரிக்க உளவியலாளர் சாரா காய்ன் தலைமையிலான குழு 198 பாலகர்களை ஆராய்ந்து 2016-ல் முடிவு சொன்னது. இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் அதிகம் ஊறிய குழந்தைகள், ஒரு வருடம் கழித்து, ‘பெண் என்றால் இப்படித்தான்’ என்ற வார்ப்பில் கூடுதலாக நடந்துகொண்டார்கள். அதே குழந்தைகளைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது, 2021-ல் வெளியான முடிவு வேறாக இருந்தது. சிறுவயதில் இளவரசிகளோடு வளர்ந்தவர்களிடம் ஆண்-பெண் பாகுபாட்டு எண்ணம் குறைவாகவே இருந்தது.

ஆகவே ஒரு கதை குழந்தையின் தலையெழுத்தை எழுதிவிடாது. ஒரே மாதிரிக் கதையை மட்டுமே கேட்டு வளர்வதுதான் சிக்கல். வெறும் சோறு உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அதையே மூன்று வேளையும் போட்டால் பிள்ளை தேறாது. உங்கள் வீட்டுப் பெண்கள் நன்றாக வளர்ந்திருந்தால், அவர்கள் கண்முன்னால் கதையைவிட வலுவான ஒரு பெண் நடமாடியிருப்பார். அவர் யார் என்று வீட்டில் விசாரித்து, நன்றி சொல்லுங்கள்.

வங்கி ஊழியர், திருநெல்வேலி: நான் சம்பாதிக்கிறேன். ஏ.டி.எம். கார்டு கணவரிடம். கேட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். இதுவும் சிண்ட்ரெல்லாத்தனமா?

கொலெட் டௌலிங் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1981-ல் ‘சிண்ட்ரெல்லா காம்ப்ளெக்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். படித்து, சம்பாதிக்கிற பெண்களுக்குள்ளும் சுதந்திரத்தைக் கண்டு ஒரு பயம் மறைந்திருக்கிறது, தன்னை யாராவது தாங்கிக்கொள்ளட்டும் என்று உள்மனம் ஏங்குகிறது என்றார். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் பயம் கற்பனை அல்ல, சண்டை வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். குறையை உங்கள் மனதில் மட்டும் தேடாதீர்கள்.

வங்கியில் வேலை செய்கிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், கார்டு உங்கள் கைப்பையில் இருக்கட்டும், ரகசிய எண் உங்களுக்கு மட்டும் தெரியட்டும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். சம்பாதிப்பது பாதி சுதந்திரம். அதை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்வது மீதிப் பாதி.

வாசகர், மதுரை: வெளிநாட்டுக் கதையே பேசுகிறீர்களே. நம் பக்கத்துக் கதைகள்?

சிண்ட்ரெல்லா நம் பக்கத்திலும் உண்டு. மைசூரில் பிறந்த தமிழர் ஏ.கே. ராமானுஜன் கன்னட நாட்டில் சேகரித்த கதைகளில் ‘ஹஞ்சி’ அப்படிப்பட்டவள். பெண்கள் சொல்லும் கதைகளில் திருமணம் முடிவாக இருப்பதில்லை, பல நேரம் அதற்குப் பிறகுதான் துன்பமே தொடங்குகிறது என்று அவர் கவனித்தார்.

அவர் சேகரித்த ‘பூக்கும் மரம்’ என்ற கதையில், ஏழைத்தாயின் இளைய மகளுக்குப் பூமரமாக மாறும் வித்தை தெரியும். அக்கா தண்ணீர் ஊற்ற, மரமாகிறாள். பூவைப் பறித்து விற்று அம்மாவுக்குத் தெரியாமல் பணம் சேர்க்கிறார்கள். இளவரசன் அவளை மணந்த பிறகு, அவன் ஆசைக்காக இரவுதோறும் மரமாக வேண்டியிருக்கிறது. பிறகு நாத்தனார் தோழிகளுக்கு வேடிக்கை காட்ட மரமாகச் சொல்லி, கிளைகளை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிறாள். அவள் கைகால் இல்லாத உடம்பாகச் சாக்கடையோரம் கிடக்கிறாள். தாய்வீட்டில் அவள் திறமை அவளுக்கு வருமானம். புகுந்த வீட்டில் அது மற்றவர்களின் பொழுதுபோக்கு. கல்யாணத்துக்குப் பிறகு பாட்டையும் ஓவியத்தையும் விளையாட்டையும் இழந்த பெண்கள் இந்தக் கதையைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

புதுமணப்பெண், வேலூர்: அப்படியானால் கல்யாணத்தில் முடியும் கதையே கூடாதா?

தாராளமாக இருக்கட்டும். கிரிம் தொகுப்பில் குடியானவரின் புத்திசாலி மகளை ராஜா மணக்கிறான். அவன் தந்த தப்பான தீர்ப்பை அவள் யோசனை சொல்லித் தவிடுபொடியாக்கியதால், கோபத்தில் விரட்டுகிறான். உனக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போ என்கிறான். அவனைத் தூங்க வைத்து, அவனையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள். எனக்குப் பிடித்தது நீதான் என்கிறாள். தன் அறிவை ஒளிக்காமலும் அன்பை விடாமலும் வாழ்ந்தவள். உங்களுக்கு என் வாழ்த்துகள்.

ஒரு தந்தை, ஓசூர்: எனக்கு மகன்கள்தான். இந்தப் பேச்சு எங்களுக்கு வேண்டாம் அல்லவா?

உங்களுக்குத்தான் அவசரமாக வேண்டும். ஆண்டர்சனின் ‘பனி ராணி’ கதையில் கெர்டா என்ற சிறுமி, காய் என்ற சிறுவனை மீட்க வடக்கே பனி ராணியின் அரண்மனை வரை போகிறாள். கத்தி வைத்திருக்கும் கொள்ளைக்காரச் சிறுமி அவளுக்கு உதவுகிறாள். தன்னை ஒரு பெண் காப்பாற்றினால் கௌரவக் குறைச்சல் இல்லை என்று உங்கள் மகன்கள் அறிந்து வளரட்டும். எப்போதும் வாளோடு நிற்க வேண்டிய சுமையும் அவர்கள் தோளிலிருந்து இறங்கும்.

தாத்தா ஒருவர், தூத்துக்குடி: பேத்திக்கு இன்றிரவே சொல்ல ஒரு பட்டியல் தாருங்கள்.

‘மாலி வுப்பி’: அரக்கனை ஏமாற்றி அக்காக்களைக் காப்பாற்றி, ஒற்றை முடிப்பாலத்தில் ஓடும் கடைக்குட்டி. ‘டாட்டர்ஹுட்’: கையில் மரக்கரண்டி, ஆட்டின் மேல் சவாரி, சகோதரியின் தலையை மீட்கக் கப்பல் ஏறும் நார்வேக்காரி. ‘வசிலிசா’: நெருப்பு வாங்கிவரச் சூனியக்காரி பாபா யாகாவின் குடிசைக்குத் தனியே போகும் ரஷ்யச் சிறுமி. ராபர்ட் மன்ஷ் 1980-ல் எழுதிய ‘காகிதப்பை இளவரசி’: டிராகனை வென்று இளவரசனை மீட்கிறாள், உடை சரியில்லை என்று அவன் முகம் சுளித்ததும் அவனை வேண்டாம் என்று விட்டுவிடுகிறாள்.

இவை போதாது. நம் பாட்டிகளும் அத்தைகளும் சொன்ன கதைகளில் தானே வழி கண்டுபிடித்த பெண்கள் நிறைய இருப்பார்கள். புத்தகத்தில் ஏறாமல் அவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர் சொல்கிற சொற்களிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். வருகிற நல்ல கதைகளை ஒவ்வொன்றாக இந்தப் பக்கத்தில் வெளியிடுவேன்.